பவள விளக்கை மாணவர்கள் செய்யட்டும்

ஜொகூரின் மெர்சிங் படகுத்துறையிலிருந்து கிளம்பும் படகுகள் ரவா, பெசார், திங்கி என்று தீவு தீவாகப் பயணிகளைக் கொண்டுசேர்க்கின்றன. அந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் சுல்தான் இஸ்கந்தார் கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. அதே மெர்சிங்கில் ஒரு பாலிடெக்னிக் இருக்கிறது. பத்து பகாட் மாவட்டத்தில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமும், ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. கடலும் மின்னியல் படிப்பும் இவ்வளவு பக்கத்தில் அமைந்த மாநிலத்தில், இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் பயிற்சி ஒன்று உண்டு. பவளத் தொட்டிக்கான எல்இடி விளக்கைக் கையால் கட்டி, நிரல் எழுதி இயக்குவதுதான் அது. பொழுதுபோக்காளர்கள் வீட்டில் செய்துவரும் இந்த வேலையை ஜொகூரின் பள்ளிகளும் கல்லூரிகளும் கையில் எடுக்க வேண்டும்.

பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்கித் தரும் உணவையே அது பெரிதும் நம்பியிருக்கிறது. கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும். ஆழம் வரை இறங்குவது நீலம். பாசிகளும் ஏறத்தாழ 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலான ஒளியை நன்றாகப் பயன்படுத்துகின்றன. அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றுத் தந்த நீல எல்இடி, பவளம் வளர்ப்போருக்குப் பெரிய வரமாக அமைந்தது. அதற்கு முன் அவர்கள் தொங்கவிட்ட 250 வாட், 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகள் தண்ணீரையும் சேர்த்துச் சூடாக்கின. ஆண்டு முழுதும் வெயில் அடிக்கும் ஜொகூரில், அந்தச் சூட்டைத் தணிக்கக் குளிர்விப்பானுக்குத் தனியாக மின்கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

எல்இடி மலேசியாவுக்கு அந்நியமான பொருளும் அல்ல. லூமிலெட்ஸ் நிறுவனத்தின் ஆலை பினாங்கில் இயங்குகிறது. ஓஸ்ராம் 2017இல் கெடாவின் கூலிமில் எல்இடி சில்லு ஆலையைத் திறந்தது.

விளக்கின் கட்டமைப்பு எளிமையானது. அலுமினிய வெப்பத் தகட்டின் மேல் ஊதா, அடர்நீலம், நீலம், வெள்ளை எல்இடிகளை ஒட்டி, ஒவ்வொரு நிறத்தையும் தனி வரிசையாக இணைக்கிறார்கள். ஒரு எல்இடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. பன்னிரண்டைத் தொடராகக் கோத்தால் 36 வோல்ட். வரிசைக்கு ஒன்றாக, மாறாத மின்னோட்டம் தரும் டிரைவர் வேண்டும். ஆர்டுயினோ அல்லது இஎஸ்பி32 பலகை அந்த டிரைவர்களுக்குக் கட்டளை தருகிறது. அந்தக் கட்டளைப்படி எல்இடி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை எரிந்து அணைகிறது. எரியும் நேரத்தின் பங்கைக் கூட்டினால் வெளிச்சம் கூடும். மின்சாரம் தடைப்பட்டாலும் நேரம் தவறாத கடிகாரச் சில்லு ஒன்றையும் சேர்த்தால் விடியல், உச்சிவெயில், அந்தி, நிலவு எல்லாமே நிரலில் எழுதக்கூடியவை ஆகிவிடுகின்றன.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்கள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஜேமி கிராக்ஸ் குழுவினர், நுண்செயலிகள் கட்டுப்படுத்தும் மூடிய தொட்டிகளில் பகல் நீளம், பருவ வெயில், நிலவின் சுழற்சி, நீரின் வெப்பநிலை ஆகியவற்றை அப்படியே மறுஉருவாக்கம் செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட இரண்டு கடல்களில் ஒன்று ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு. மற்றொன்று ஜொகூர் நீரிணைக்கு அப்பால் உள்ள சிங்கப்பூர். முழுக்க மூடிய செயற்கைத் தொட்டியில் அக்ரோபோரா பவளங்கள் முட்டையும் விந்தும் வெளியிட்ட முதல் வெற்றியை 2017இல் ஆய்விதழில் பதிவுசெய்தார்கள். சிங்கப்பூர்ச் சூழலை ஒத்த தொட்டியில், முட்டை தாங்கிய அக்ரோபோரா ஹயசிந்தஸ் நான்கும், இயற்கையில் எதிர்பார்க்கப்பட்ட அதே நிலவு மாதத்தில் இனப்பெருக்கம் செய்தன. நம் வாசலுக்கு எதிரே உள்ள கடலின் வானத்தை லண்டனில் எழுத முடிந்திருக்கிறது. மெர்சிங்கில் ஏன் முடியாது?

மெர்சிங் கடலுக்கு எழுதும் நிரல் மாணவர்களுக்கு நல்ல பாடமாகும். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடம் என்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் 20 நிமிடத்தைத் தாண்டாது. ஆனால் நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று மேகத்தைக் கூட்டிக் கடலைக் கலக்கிவிடும். கடிகாரத்தை மட்டும் பார்த்து எழுதிய நிரல் இங்கே போதாது. வானிலைத் தரவையும் படிக்க வேண்டும்.

கடைகளில் கைப்பேசியிலேயே இயக்கக்கூடிய நல்ல விளக்குகள் கிடைக்கின்றன. அழகுக்காகத் தொட்டி வைப்பவருக்கு அவை போதும். கற்பவருக்குப் போதாது. தானே கட்டியவருக்கு, பழுதான ஒற்றை எல்இடியை மட்டும் மாற்றத் தெரியும். புதிய விளக்கை முதல் நாளே முழு வீச்சில் எரியவிட்டால் பவளம் வெளுத்துப்போகும் என்பதும், பல வாரங்களில் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும் என்பதும் தெரியும். கடலில் நடப்பதும் இதற்கு நெருங்கிய ஒன்றுதான்: மிகையான வெப்பமும் கடும் ஒளியும் சேரும்போது பவளம் தன் பாசிகளை இழக்கிறது. 2010இல் தியோமான், ரெடாங் பகுதிகளில் சில முக்குளிப்பு இடங்கள் மூடப்பட்டது இத்தகைய வெளுப்பினால்தான். 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது.

இரண்டு நிபந்தனைகளில் விட்டுக்கொடுக்கக் கூடாது. உப்புநீருக்கு மேலே மின்சாரம் தொங்குகிறது. கசிவு ஏற்பட்டதும் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் ஆசிரியரின் மேற்பார்வையும் இல்லாமல் எந்தத் தொட்டியும் இயங்கக் கூடாது. தொட்டிக்குள் போகும் பவளம், வளர்ப்பில் வெட்டி எடுத்த துண்டாகவே இருக்க வேண்டும். கடல் பூங்காவில் பவளத்தை எடுப்பது குற்றம். கற்பவளங்களின் பன்னாட்டு வணிகத்துக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு உண்டு.

மெர்சிங் பாலிடெக்னிக் முதல் தொட்டியை வைக்கட்டும். அதன் நிரலையும் அளவீடுகளையும் மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும், தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகங்களுக்கும் திறந்துவிடட்டும். அதற்குத் தேவைப்படும் சிறு தொகையை ஜொகூர் மாநில அரசு வரும் வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும்.