பையைப் பார்த்துக்கறீங்களா?

அம்மா போன பிறகு, அமாவாசைக்கு அமாவாசை நாலு பேருக்குச் சாப்பாடு கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். சென்ற மாதம் தெருமுனையில், மூடிக் கிடக்கும் கடையின் ஷட்டருக்கு முன்னால் படுத்திருப்பவரிடம் ஒரு பொட்டலத்தை நீட்டினேன்.

"வேணாம் சார், இது அஞ்சாவது. எல்லாமே புளியோதரை."

முன்னே வந்த நாலில் ஒன்றை நாய் பிரித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. புண்ணியத்தைக்கூட ஒருவர் திருப்பி அனுப்ப முடியுமா என்ன?

"அதுக்குப் பதிலா இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கறீங்களா? பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்றார்.

பத்து நிமிடம் நின்றேன். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர் காலையிலிருந்து காத்திருந்தாராம்.

அவர் கொத்தனார். ஆள் எடுக்கும் முனைக்கு ஆறரைக்குள் போய் நின்றால்தான் வேலை. "மூட்டையோட நிக்கறவனை யாரும் கூப்பிட மாட்டாங்க சார். ரோட்டுல படுக்கறவன்னு தெரிஞ்சுடும்." ஒருமுறை பையை மின்பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டுப் போயிருக்கிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் இல்லை. குப்பை வண்டியில் போய்விட்டது. ஆதார் அட்டையும் அதோடு போயிற்று.

வீடில்லாதவருக்கு என்ன இல்லை என்று என்னைக் கேட்டால் கூரை என்றிருப்பேன். அவர் பூட்டு என்பார். பசிக்கு இந்த ஊரில் ஏதோ ஒரு வழி இருக்கிறது. 2013-இல் அம்மா உணவகம் வந்தபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். ஆனால் பார்சல் கிடையாது, அங்கேயே தட்டேந்திச் சாப்பிட வேண்டும். அதுவரை பை?

பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. அதைச் சொன்னேன். "போய்ப் பார்த்தேன் சார். அங்கருந்து நடந்து முனைக்கு வர்றதுக்குள்ள ஆள் எடுத்து முடிஞ்சிடுது." மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 2011 பிப்ரவரி 28 ராத்திரி நாடு முழுக்க வீடற்றவர்களைத் தேடிப் போய் எண்ணினார்கள், ஏறக்குறைய 17.7 லட்சம் பேர். உங்களையும் எண்ணினார்களா என்று கேட்டேன்.

"அப்ப எனக்கு வீடு இருந்துச்சு சார்."

மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து பை எங்கள் கிரில் கேட்டுக்கு உள்ளே, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். காலை ஆறுக்கு வரும், மாலை ஏழுக்குப் போகும். "உள்ள என்ன இருக்குன்னாவது பார்த்தீங்களா?" என்றாள் மனைவி. பார்க்கக் கூடாது என்று மூன்று நாள் இருந்தேன். நாலாம் நாள் பார்த்துவிட்டேன். போர்வை, இரண்டு லுங்கி, சோப்பு டப்பா, ஆஸ்பத்திரிச் சீட்டு, பழைய பனியனில் பொதிந்து வைத்த மணியாசுக் கட்டை. பூச்சைத் தேய்த்துத் தேய்த்து ஒரு ஓரம் வழவழவென்று இருந்தது. அவசரமாக மூடிக் கட்டினேன்.

சாயங்காலம் அவர் முடிச்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பரவால்ல சார். பார்க்காம யாரு உள்ள வெப்பாங்க?"

திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் இரண்டு நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. டீக்கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன். "உங்க பையா சார்? தாராளமா வைங்க" என்று வாங்கி, பாய்லருக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். கொத்தனாருடையது என்று சொன்னதும் கொஞ்சம் முழித்தார், ஆனால் கழற்றவில்லை. "எங்கிட்டயே கேட்டிருக்கலாமே" என்றார்.

டீயை ஆற்றிக்கொண்டிருந்த கொத்தனார் நிமிராமலே சொன்னார்: "கேட்டேண்ணே. ரெண்டு தடவை."