இரண்டு கையும் தொடணும்!

எங்கள் பாளையம்பட்டி வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைவது கடவுள் செயல். ஆனாலும் கிணற்றிலே நீந்தக் கற்ற பெண்களுக்கு இங்கே குறைவில்லை. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பாவோ அண்ணனோ தள்ளிவிட, நாலு நாளில் மீனாகிவிடுவோம். வயசுக்கு வந்ததும் அதோடு சரி!

"இந்த வயசிலே நீச்சலாவது, போட்டியாவது! போங்க மதினி" என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 25 வயதிலிருந்து 'மாஸ்டர்ஸ்' நீச்சல் போட்டிகள் உண்டு. இந்திய நீச்சல் சம்மேளனம் தேசிய அளவிலும் நடத்துகிறது. 25-29, 30-34 என்று ஐந்தைந்து வயதாகப் பிரிவுகள். பேரன் எடுத்தவர் இளசுகளோடு மோத வேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த மதினி ஒருவர், 43 வயது, வெளியூரில் நடந்த போட்டியில் மார்பு நீச்சலில் முதலாவதாக வந்தார். ஆனால் பெயரை வாசிக்கவில்லை. தகுதி நீக்கம்! முடிவில் சுவரை ஒரு கையால் தொட்டுவிட்டாராம். "களவாண்டவ மாதிரி ஆகிப்போச்சே தாயீ, பிள்ளைக பாத்துக்கிட்டு நின்னுச்சே" என்று அழுதார். அப்புறம் குளத்துப் பக்கமே போகவில்லை.

இதில் அழ என்ன இருக்கிறது? கிணற்றில் படிக்கல்லை ஒரு கையால் பிடித்து ஏறிய பழக்கம், அவ்வளவுதான். தகுதி நீக்கம் என்பது மோசடிப் பட்டம் அல்ல. அந்த ஒரு பந்தயத்தோடு போயிற்று. பெயர் கொடுத்த மற்றப் பந்தயங்களில் தாராளமாக நீந்தலாம்.

முக்கியமான விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்:

மார்பு நீச்சல், பட்டாம்பூச்சி நீச்சல் இரண்டிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். மற்ற இரண்டிலும், முடிவில் ஒரு கை போதும்.

மல்லாந்து நீந்துபவர் மல்லாந்தபடியே முடிக்க வேண்டும்.

சைகைக்கு முன்னால் பாய்ந்தால் தகுதி போய்விடும். உயர மேடையிலிருந்து குதிக்கப் பயமா? மாஸ்டர்ஸ் போட்டியில் குளக்கரையில் நின்றோ, தண்ணீருக்குள் இருந்தபடி சுவரை உந்தியோ புறப்படலாம்.

ஃப்ரீ ஸ்டைலில் மூச்சு வாங்கினால் தரையில் நிற்கலாம். ஆனால் ஓரடிகூட நடக்கக் கூடாது. கயிற்றைப் பிடித்து இழுக்கவும் கூடாது.

சேலை, சுடிதார் செல்லாது. முழங்கால் வரையுள்ள நீச்சலுடைக்கு அனுமதி உண்டு. எந்த உடை செல்லும் என்பதைப் பெயர் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ரத்த அழுத்தம், இருதயம் இரண்டையும் டாக்டரிடம் காட்டாமல் பந்தயத்தில் இறங்காதீர்கள். பிள்ளை பெற்றவர்கள் டாக்டர் சம்மதித்த பிறகே தண்ணீரில் இறங்கலாம். பயிற்சிக்கென்று கிணற்றில் தனியாக இறங்கவே வேண்டாம்.

ஆரத்தி சாகா 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று தோற்றார். அடுத்த மாதம் 29-ம் தேதி 16 மணி 20 நிமிடத்தில் கடந்தார். அந்தக் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர். நம் பக்கத்திலேயே, 2004-ல் புலா சௌத்ரி தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தபோது அவருக்கு வயது 34.

மதினிக்கு நான் சொன்னதும் இதுதான்: "தினம் இருபது தடவை சுவர் வரைக்கும் போய் ரெண்டு கையாலும் தொட்டுட்டு வாங்க. கை தானாப் பழகிக்கும். உங்க பிள்ளைக பாக்க வேண்டியது, அம்மா மறுபடி தண்ணியிலே இறங்குறதைத்தான்."