கோட்டுக்கு அளவு உண்டு, கூலிக்கு அளவு எங்கே?

சைக்கிள் ஓட்டுவதற்கென்றே ஒரு கோட்டு, ஒரு கால்சட்டை! அதுவும் டுவீட் என்னும் முரட்டுக் கம்பளித் துணியில், ஆளை நிறுத்தி அளவெடுத்து, கையால் தைத்தது. சீமையில் இதற்கென்றே தையற்காரர்கள் இருக்கிறார்கள். 2009இல் லண்டனில் டுவீட் உடுத்திய கனவான்களும் சீமாட்டிகளும் சைக்கிளில் ஊர்வலம் போகத் தொடங்கினார்கள். பிறகு பல நாட்டு நகரங்களுக்கும் அந்த வழக்கம் பரவியது.

மார்கழிப் பனியில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓசூர் சிப்காட்டுக்குச் சைக்கிள் மிதிக்கும் தோழர் கேட்பார்: “இந்தக் கதை நமக்கு எதற்கு?” காரணம் இருக்கிறது.

அந்த உடையின் வேலைப்பாட்டைப் பாருங்கள். கைப்பிடியை எட்டிப் பிடிக்கும்போது முதுகு இழுக்கக் கூடாது. அதற்காக முதுகுப் பக்கம் மடிப்பு விட்டுத் தைக்கிறார்கள். கால்சட்டை சங்கிலியில் சிக்கக் கூடாது. அதற்காக முழங்காலுக்குச் சற்றுக் கீழே இறுக்கி நிறுத்துகிறார்கள். உடுப்பவனுக்கு என்ன தேவை என்று கேட்டு, அந்தத் தேவையை அளந்து தைத்த உடை அது. நல்ல தொழில், அதை நாம் இகழவில்லை.

துணிக்கும் காவல் உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தீவுகளில் மக்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்ததற்குத்தான் ஹாரிஸ் டுவீட் என்று பெயர் போடலாம். 1993இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இதற்குச் சட்டமே செய்தது. நம் நாட்டிலும் 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் உண்டு. 22 ரகங்களாக இருந்த பட்டியலை 11 ஆகக் குறைத்த பிறகும், டுவீட்டும் கம்பளியும் அதில் இருக்கின்றன. ஆனால் ஏட்டில் இருப்பது நெசவாளியின் வீட்டுக்கு வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

தைப்பவரின் கதையும் இதுவேதான். ஓசூரிலும், எல்லை தாண்டி பெங்களூர்ச் சாலை நெடுகிலும் கார்மெண்ட்ஸ் கம்பெனிகள். தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விவசாயக் கூலிகளின் மகள்கள், மருமகள்கள். ஒருத்தி காலர் மட்டும், இன்னொருத்தி பை மட்டும், மற்றொருத்தி கை மட்டும். மணிக்கு இத்தனை உருப்படி என்று டார்கெட். உடுப்பவன் முகமும் தெரியாது, கடையில் சட்டைக்கு என்ன விலை என்பதும் தெரியாது.

ஊருக்கெல்லாம் தைக்கும் அந்தத் தங்கையின் குடும்பத்துக்கு எத்தனை கெஜம் துணி வேண்டும்? யாரும் கணக்குப் போடவில்லை என்று எண்ணாதீர்கள். 1957இல் நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 18 கெஜம். நால்வர் குடும்பத்துக்கு 72 கெஜம். சாப்பாடு, வீட்டு வாடகை, விறகு, விளக்கு எல்லாம் இதோடு சேர்த்துத்தான் குறைந்தபட்சக் கூலி என்றார்கள். பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம், முதுமை ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1991இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது.

ஆக, கூலிக்கு அளவு எடுத்தாயிற்று. தைத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை!

“கூலியைக் கூட்டினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும்” என்பது முதலாளிமாரின் பழைய பல்லவி. 2014இல் தமிழ்நாடு அரசு தையல் தொழிலாளர் கூலியை உயர்த்தியபோதும் இதே பல்லவிதான். கோர்ட்டுக்குப் போனார்கள், 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் வழக்கைத் தள்ளியது. தையற்காரனின் உழைப்புக்கு விலை கொடுத்துத்தான் சீமைக் கனவான் கோட்டு வாங்குகிறான். நம் பெண்களின் உழைப்பு மட்டும் மலிவாக வேண்டுமாம்! இது என்ன நியாயம்?

இன்னொரு தந்திரமும் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு கூலி, அந்தப் பக்கம் ஒரு கூலி. இவர்களைக் காட்டி அவர்களை மிரட்டலாம். அவர்களைக் காட்டி இவர்களை மிரட்டலாம். இதற்கு மருந்து என்ன?

அதை 2016 ஏப்ரலில் அந்தப் பெண்களே காட்டினார்கள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. 18, 19 தேதிகளில் கார்மெண்ட்ஸ் பெண்கள் ஆயிரம் ஆயிரமாய்ப் பெங்களூர் வீதிகளில் இறங்கினார்கள். பொம்மனஹள்ளியில் ஓசூர்ச் சாலை ஸ்தம்பித்தது. தடியடியும் கண்ணீர்ப்புகையும் அவர்களைக் கலைக்கவில்லை. 19ஆம் தேதியே உத்தரவு வாபஸ்! கன்னடமா, தமிழா, தெலுங்கா என்று அன்று யாரும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

கூலிக்கும் அதே வழிதான். எல்லையின் இரு பக்கமும் ஒரே கோரிக்கை: குடும்பத்தின் தேவையை அளந்த கூலி! ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கும் கூலிப் பெண்ணுக்கும் அதே 72 கெஜம்தான் அளவு. அவள் உடம்புக்கும் குளிர் உண்டு. ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே, கணக்கு நம் கையில் இருக்கிறது. இனி ஒன்றாய் நின்று கேட்பதே பாக்கி.