வெளியூர்ச் சமாச்சாரம்: மூன்று நாள் பயணமும் மாத்திரை நேரமும்

"மூணு நாளைக்குத்தானே போறோம், அதுக்கு என்ன இத்தனை ஏற்பாடு?" என்று வீட்டு ஆண்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். பத்து நாள் பயணத்தில் அரை நாள் விமான நிலையத்தில் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். மூன்று நாளில் அரை நாள் போனால் நஷ்டம்தான். கூட வருகிறவர் சர்க்கரை வியாதிக்காரராக இருந்தால் அது நேர நஷ்டத்தோடு நிற்காது. உடம்பிலேயே கை வைத்துவிடும்.

என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. காளிகாட்டும் தட்சிணேஸ்வரமும் பார்க்க வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. போன வருஷம் தீபாவளி முடிந்த கையோடு சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குக் கிளம்பினோம். (ஊர்ப் பெயரை 2001-ல் மாற்றினாலும் எங்கள் வாயில் இன்னும் கல்கத்தாதான்!) காலை ஏழரை மணி விமானம். ஐந்து மணிக்கே இரண்டு இட்லி சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டார் அத்தை.

விமானமோ தவணை முறையில் தாமதமானது. முதலில் முக்கால் மணி என்றார்கள், பிறகு ஒன்றரை மணி. பிறகு அறிவிப்பே இல்லை. ஒன்பதரை மணி இருக்கும். "ஏம்மா, படபடன்னு வருது, கையெல்லாம் நடுங்குது" என்றார் அத்தை. முகம் வேர்த்திருந்தது, அதுவும் அந்த ஏ.சி. குளிரில்! கைப்பையில் இருந்த சின்ன மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் 62. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை.

மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தேன். கால் மணி கழித்துப் பார்த்ததில் 88. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. இந்த நேரத்தில் பிஸ்கட்டோ சாக்லேட்டோ கொடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு, சர்க்கரை சட்டென்று ரத்தத்தில் சேரவிடாது. வெறும் சர்க்கரையோ குளுக்கோஸோதான் வேலை செய்யும். நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, புரை ஏறிவிடும். உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். சர்க்கரை ஏறிய பிறகு வயிற்றுக்கு ஏதாவது திடமாகக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும்.

அந்தத் திட ஆகாரத்துக்குத்தான் கவுண்டரில் போய் நின்றேன். "இன்னும் ஆர்டர் வரலை மேடம்" என்றாள் அந்தப் பெண். பாவம், சின்னப் பெண், அவள் என்ன செய்வாள்! ஆனாலும் விட முடியுமா? சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் விமானம் இரண்டு மணியோ அதற்கு மேலோ தாமதமானால், நேரத்தில் செக்-இன் செய்தவர்களுக்குச் சாப்பாடோ சிற்றுண்டியோ இலவசமாகத் தர வேண்டும். இரண்டரையிலிருந்து ஐந்து மணி வரை பறக்கும் விமானத்துக்கு மூன்று மணித் தாமதம் கணக்கு. இதை மெதுவாக, ஆனால் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பத்து நிமிஷத்தில் டோக்கன் வந்தது. அந்த டோக்கனுக்குக் கிடைத்த சாண்ட்விச்சைப் பற்றி எழுதாமல் இருப்பதே மரியாதை.

அத்தை சாப்பிடுகிற மாதிரி சில மாத்திரைகள், ஆகாரம் தாமதித்தால் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். எல்லாச் சர்க்கரை மாத்திரையும் அப்படியில்லை. உங்கள் வீட்டுப் பெரியவருடையது எந்த வகை, பயண நாளில் எப்போது போட வேண்டும் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதைச் சாமான் பெட்டியில் வைக்கவே வேண்டாம். கீழே இருக்கும் குளிரில் உறைந்தால் மருந்து கெட்டது. பெட்டி வராமலே போனாலோ, கேட்கவே வேண்டாம்.

எங்களுக்கு அதுவும் நடந்தது! கல்கத்தாவில் பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றது, என் கணவரின் பெட்டியைக் காணோம். வெளியே வந்துவிட்டால் நம் பேச்சு எடுபடாது என்று, அங்கேயே புகார்த் தாள் எழுதி, எண் வாங்கிக்கொண்ட பிறகுதான் நகர்ந்தோம். டிக்கெட்டோடு ஒட்டித் தரும் அந்தச் சின்ன பார்கோடு சீட்டு இருக்கிறதே, அதைக் குப்பை என்று கிழித்துப் போடாதீர்கள். பெட்டிக்கு அதுதான் சாட்சி. 2019-ல் வெளியான பயணிகள் சாசனத்தின்படி உள்நாட்டுப் பயணத்தில் சாமான் தொலைந்தால் அதிகபட்சம் 20,000 ரூபாய்தான். இன்றைக்கு விற்கிற விலையில் பட்டுப் புடவையையும் நகையையும் அதற்குள் வைக்க யாருக்கு மனசு வரும்? இவர் கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு வேட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு வங்காளி பாபுவாகிவிட்டார். நான் சும்மா இருப்பேனா, எனக்கும் ஒரு நூல் புடவை!

இனி சாப்பாடு. சைவக்காரர்கள் அங்கே 'வெஜிடேரியன்' என்று சொன்னால் மட்டும் போதாது, 'நிராமிஷ்' என்று கேளுங்கள். மீன் தலை போட்டுப் பருப்பு சமைக்கிற ஊர் அது; பருப்புதானே என்று நம்பி உட்காரக் கூடாது. நிராமிஷ் என்றால் வெங்காயம், பூண்டும் சேர்க்காத சமையல் என்றே பல வீடுகளில் வழக்கம். லுச்சி என்பது மைதாவில் செய்த பூரி. அதற்குத் தோதாகக் கடலைப்பருப்பில் தேங்காய்ப் பல்லு போட்டு ஒரு பருப்பு செய்கிறார்கள், அமிர்தம். கசகசா அரைத்த உருளைக்கிழங்கை அத்தையே இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்று கவனம்: பருப்பிலும் கறியிலும்கூட அவர்கள் சர்க்கரை சேர்ப்பதுண்டு. நாங்கள் லுச்சியைக் குறைத்து, காய்கறியைக் கூட்டி, ராத்திரிக்கு லேக் மார்க்கெட் பக்கம் இட்லி சாப்பிட்டோம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கிற பகுதி அது, சாம்பாருக்குப் பஞ்சமில்லை. தெருவோரப் புச்கா, அதுதான் நம் பானிபூரி, அதை மட்டும் தொடவில்லை. அந்தப் புளித்தண்ணீர் எந்தக் குழாய்த் தண்ணீரோ! மண் குவளையில் கொதிக்கக் கொதிக்கத் தரும் டீயைத் தாராளமாகக் குடிக்கலாம்.

ரசகுல்லா? ஊரே பெருமைப்படும் பண்டம், 2017-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அத்தை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஒன்றைப் பாகு பிழிந்து, பாதியாக்கி, சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தேன். மீதிப் பாதி எனக்கு.

பெட்டி இரண்டாம் நாள் ராத்திரி தங்குமிடத்துக்கே வந்தது, ஒரு சக்கரம் இல்லாமல். இப்படிச் சேதமிருந்தால் ஏழு நாளைக்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். நான் அன்றைக்கே கொடுத்தேன். சக்கரம் மாற்றித் தந்தார்கள். திரும்பும்போது அந்தப் பெட்டியிலேயே இரண்டு ரசகுல்லா டப்பா, இரட்டை பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி, இவருடைய புது வேட்டியில் சுற்றி வைத்தேன். ஒரு சொட்டுப் பாகு ஒழுகவில்லை.