தலையெழுத்தா? சினைப்பையா?

பிள்ளையில்லாத பெண்ணைக் கண்டால் நம் மக்கள் சொல்லும் முதல் வார்த்தை "அவள் தலையெழுத்து" என்பது. அடுத்த வார்த்தை "மலடி" என்பது. பிறகு அரசமரத்தைச் சுற்று, நாகர் சிலைக்குப் பால் ஊற்று, தொட்டில் கட்டு என்று அவளை அலைய விடுவார்கள். அந்த எழுத்தைப் படித்துப் பார்த்தவர் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

தோழர்களே! உண்மையில் உள்ளே நடப்பதென்ன? பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் இரு சினைப்பைகளிலும் சேர்ந்து சுமார் 10 லட்சம் முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி உயிரணுக்களாலான சிறு கூடு ஒன்று உண்டு. பெண் வயதுக்கு வரும்போது மிஞ்சுபவை 3, 4 லட்சம். ஆயுள் முழுதும் முதிர்ந்து வெளிவருபவை சுமார் 400தான். மற்றவை அழிந்துபோகின்றன. இவற்றில் எது வளர்வது, எது நிற்பது என்று தீர்மானிப்பது யார்?

மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இதில் பெரும் பங்கு வகிக்கிறது. கூடு கடைசிவரை வளர்ந்து முதிர வேண்டுமானால் அதன் சுரப்பு அவசியந்தான். ஆனால் தூங்கிக் கிடக்கும் கூடு விழித்து வளரத் துவங்குவதற்கு அதன் கட்டளை வேண்டியதில்லை. அந்த நிர்வாகம் சினைப்பைக்குள்ளேயே நடக்கிறது. வளரும் கூடுகள் ஏ.எம்.எச். என்னும் பொருளைச் சுரந்து, தூங்குகின்றவை யாவும் ஒருசேர விழித்துத் தீர்ந்துபோகாதபடி அடக்குகின்றன. முட்டையோ ஜி.டி.எஃப்.9, பி.எம்.பி.15 என்பவைகளைச் சுரந்து, சுற்றியுள்ள அணுக்களைப் பெருகச் செய்கிறது. அவ்வணுக்கள் பதிலுக்கு முட்டையை ஊட்டி வளர்க்கின்றன. ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் குடித்தனமேயல்லாமல் இதில் தேவரகசியம் ஏதுமில்லை.

சாட்சி வேண்டுமா? நியூசிலாந்தில் இன்வர்டேல் என்னும் செம்மறியாடுகள் உண்டு. அவைகளில் பி.எம்.பி.15 உண்டாக்கும் மரபணு பழுதாகியிருப்பதை 2000-ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். அப்பழுது தாய், தந்தை இருவரில் ஒருவர் வழியாக மட்டும் வந்த பெட்டையாடு அதிக முட்டைகளை வெளியிட்டு, அடிக்கடி இரட்டைக் குட்டிகளை ஈனுகிறது. இரு வழியிலும் வந்ததற்கோ குட்டியே இல்லை. கூடுகள் துவக்கத்திலேயே நின்றுவிடுகின்றன. அந்த ஆடு முற்பிறப்பில் என்ன பாவம் செய்தது? எந்த மரத்தைச் சுற்றாமல் விட்டது? மந்தையிலுள்ள மற்ற ஆடுகளாவது அதைப் பார்த்து, சுபகாரியத்துக்கு வராதே என்று ஒதுக்குகின்றனவா? ஆறறிவு படைத்தவர்களென்னும் நாம்தானே அந்தக் காரியத்தைச் செய்கின்றோம்!

மனிதரில் பிள்ளையின்மைக்கெல்லாம் இது ஒன்றே காரணமென்று நாம் சொல்லவரவில்லை. காரணங்கள் பல, ஆணிடத்துள்ள குறையும் அவற்றில் ஒன்று. ஆனால் புருஷனைச் சோதிக்காமலே பெண்ணை மலடியென்று தீர்ப்புச் சொல்லி, இரண்டாந்தாரம் தேடிப் புறப்படுவது எந்த நியாயம்?

ஆகவே, மரத்தைச் சுற்றும் நேரத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து வைத்தியரிடம் போங்கள். இருவரும் சோதித்துக் கொள்ளுங்கள். குறை தீர்ந்தாலும் சரி, தீராவிட்டாலும் சரி, கண்ணுக்குத் தெரியாத அணுக்களின் காரியத்துக்காக ஒரு பெண்ணின் மானத்தைப் பறிப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.