கையெழுத்து வாங்கினால் தலை தப்புமா?

பள்ளி மாணவர் கபடிப் போட்டிக்கு மைதானத்தில் மருத்துவர் தேவையில்லை, பெற்றோரின் ஒப்புதல் படிவமே போதும் என்று முடிவெடுத்த போட்டி நிர்வாகிகள், இத்தனை எதிர்ப்புக்குப் பிறகும் வாய் திறக்கவில்லை. எந்தக் காயத்துக்கும் நாங்களே பொறுப்பு என்று பெற்றோர் எழுதித் தர வேண்டுமாம். கபடி என்றால் உயிரை விடும் பிள்ளை படிவத்தை நீட்டி நிற்கும்போது எந்த அப்பா மறுப்பார்?

எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதாவது அவருக்குத் தெரியுமா? ரெய்டு போன பையனின் கணுக்காலை ஒருவன் பிடிக்க, இருவர் மேலே விழ, பின்மண்டை தரையில் மோதுகிறது. தலையில் தண்ணீர் ஊற்றி, ‘ஒண்ணும் இல்லடா, எழுந்திரு’ என்கிறார்கள். எழுந்தவன் எதிரணியோடு போய் நிற்கிறான். கூட்டம் சிரிக்கிறது. அப்படி அணி மாறி நிற்பது மூளை அதிர்ந்துபோனதன் அடையாளம். மூளை அதிர்ந்தால் மயக்கம் வரவேண்டும் என்பதில்லை, பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஸ்கேனிலும் பெரும்பாலும் எதுவும் தெரியாது. தலைவலியும் வாந்தியும் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். 2011-ல் வட அயர்லாந்தில் பள்ளி ரக்பி ஆட்டத்தில் அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடவிடப்பட்ட 14 வயது மாணவன் அப்படித்தான் இறந்தான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2009-லேயே சட்டம் போட்டுவிட்டது: சந்தேகம் வந்தாலே சிறுவனை வெளியேற்று, மருத்துவம் அறிந்தவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப விடாதே. அவ்வளவு தூரம் போவானேன்? 2020-ல் கிரிக்கெட் ஆட்டத்தில் ஹெல்மெட்டில் பந்து பட்ட ஜடேஜாவுக்குப் பதிலாகச் சஹல் வந்து பந்து வீசியதை நாமே டிவியில் பார்த்தோம். ஊர்ப் பையனுக்கு மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர்.

இதே ஆட்கள்தான் எடை பார்க்கும் இயந்திரம் பழுது என்று சொல்லி, மீசை முளைத்தவர்களைச் சப்-ஜூனியரில் இறக்கினார்கள். கிழிந்த மேட்டைச் சிமெண்டுத் தரைமேல் விரித்தார்கள். கால் முறிந்தவனை பைக்கில் இருவருக்கு நடுவில் உட்கார வைத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் விசாரணை என்றார்கள். அறிக்கையை யாரும் கண்டதில்லை. பரிசளிப்பு மேடைக்கு ஷாமியானா மட்டும் ஒரு தடவையும் தவறியதில்லை. மருத்துவருக்குப் பணம் இல்லை என்கிறவர்களுக்கு ஆளுயரக் கோப்பை வாங்க எங்கிருந்து வருகிறது?

கபடியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆசைப்பட்ட பிள்ளை ஆடட்டும். ஆனால் தங்கள் பொறுப்பைப் பெற்றோர் தலையில் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க இவர்களுக்குப் பதவி எதற்கு? முதலில் அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடட்டும். பிறகு விவரம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உருப்படியாக ஓர் ஏற்பாடு செய்யட்டும். அதையும் அடுத்த சுற்று ஆட்டங்கள் தொடங்குவதற்குள் செய்யட்டும்.