கைக்கடிகாரம் கட்டிய பெருமகனாரே, மணி என்ன?



நெடுநாளாக நெஞ்சில் கனன்றுகொண்டிருந்த ஒன்றை இன்று எழுதியே தீர்வது என்று அமர்ந்திருக்கிறேன். சிலருக்கு இது கசக்கும். கசக்கட்டும், வேப்பங்கொழுந்தும் கசக்கத்தான் செய்கிறது.

நெகிரி செம்பிலானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழா. பள்ளியின் பெயர் வேண்டாம். பல பள்ளிகளில் நடப்பதுதான் அங்கும் நடந்தது. அழைப்பிதழில் 'மாலை மணி 5.00' என்று அச்சிட்டிருந்தார்கள். கோலாட்டம் ஆட வேண்டிய சிறுமியர் மூன்றரை மணிக்கே ஒப்பனையோடு வந்துவிட்டனர். பெற்றோர்கள் வேலையிடத்தில் அனுமதி கேட்டு, பாதி நாள் விடுப்பெடுத்து வந்திருந்தனர். சிறப்பு வருகையாளர் வந்து சேர்ந்தபோது மணி 6.30. அதற்குள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி நாற்காலியிலேயே உறங்கிவிட்டாள். இன்னொருத்தியின் கண்மை கன்னம் வரை வழிந்திருந்தது. வந்தவருக்கு மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது. அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "மாணவர்களே, காலம் பொன் போன்றது" என்று தொடங்கினார்!

பரிசுத் தட்டை ஏந்தி அவர் அருகில் நின்றவன் நான். அவர் கையில் சுவிட்சர்லாந்துக் கைக்கடிகாரம் ஒன்று மின்னியது. அதன் விலை நாற்பதாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் என்று பின்னர் அவருடைய நண்பரே பெருமையோடு சொன்னார். ஆனால் அது காட்டிய நேரம் பத்து நாற்பது. அப்போது உண்மையான நேரம் மாலை ஏழு. பரிசு வாங்கிய நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனும் அதைக் கவனித்துவிட்டான். மேடைக்குப் பின்னால் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்: "ஐயா, அவங்க கடிகாரம் ஓடலையா?"

அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன விடையைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

அத்தகைய கடிகாரங்களில் பல மின்கலத்தால் ஓடுபவை அல்ல. உள்ளே அரைவட்டமாக ஓர் எடைத்தகடு இருக்கிறது. கை அசையும்போது அது சுழன்று சுருள்வில்லை முறுக்குகிறது. அந்த முறுக்கு மெல்ல அவிழ்வதால் முட்கள் நகர்கின்றன. கழற்றிப் பெட்டிக்குள் வைத்தால், இரண்டு மூன்று நாள்களில் அது நின்றுவிடும். விழாவுக்கு மட்டும் எடுத்துக் கட்டிக்கொண்டால், நின்ற இடத்திலிருந்து மீண்டும் ஓடத் தொடங்கும். முட்களைத் திருப்பிச் சரிசெய்யாதவருக்கு அது பொய்தான் சொல்லும். ஆக, கடிகாரம் கெடவில்லை. அதை வைத்திருந்தவர் அதனோடு வாழவில்லை, அவ்வளவே.

இனி, இன்னொரு கைக்கடிகாரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் பிறந்தது போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவா பெத்தோங் தோட்டத்தில். சுவா என்றே சுருக்கிச் சொல்வோம். இன்று செம்பனை நிற்கும் காட்டில் அன்று பால்மரங்கள் நின்றன. விடியுமுன் காற்று குளிர்ந்திருக்கும்போதுதான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். ஆகையால் பொழுது புலர்வதற்கு முன்பே பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். துரையிடம் கடிகாரம் இருந்தது, கிராணியிடம் இருந்தது. எங்கள் லயத்து மக்களிடம் இருந்தது தோட்டத்து மணியோசை மட்டுமே. பிந்தி வந்தவருக்கு அன்று வேலையில்லை. வேலையில்லை என்றால் கூலியில்லை.

1975ஆம் ஆண்டில் என் தந்தையார் சீட்டுப் பணம் எடுத்துச் சிரம்பானுக்குப் போய் ஒரு சேய்க்கோ கைக்கடிகாரம் வாங்கி வந்தார். அவருடைய ஒன்றரை மாதச் சம்பளம் அதற்குப் போயிற்று. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எங்கள் லயத்தில் அது ஆடம்பரம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அப்பா அதைப் பெட்டியில் பூட்டவில்லை. பால் பட்டுக் கறுத்துவிடாதிருக்க ஒரு கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மரம் வெட்டவும் அதோடுதான் போனார். நாள்தோறும் நானூறு, ஐந்நூறு மரங்களைச் சுற்றி வரும் கை அது. அசைவினால் ஓடும் கடிகாரத்துக்கு அதைவிடப் பொருத்தமான கை வேறு எங்கே கிடைக்கும்?

1981ஆம் ஆண்டின் கடைசி இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் நேரம் அரைமணி முன்தள்ளப்பட்டு 1982 பிறந்தது. அப்பா என்னை அருகில் உட்கார வைத்துக் கடிகாரத்தின் திருகியை இழுத்து முட்களை முன்னே நகர்த்தினார். தாத்தா அப்போது ஒரு பழைய கதையைச் சொன்னார். 1942இல் ஜப்பானியர் வந்ததும் மலாயாவின் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னே போயிற்று. பறிபோனவை பல, அவற்றுள் நேரமும் ஒன்று. 1945இல் அவர்கள் தோற்றபின்தான் அது திரும்பி வந்தது.

ஆம், அதே ஒன்றரை மணி நேரம்! அன்று படையெடுத்து வந்தவன் எடுத்துக்கொண்டான். இன்று மாலை போட்டு நாமே கொடுக்கிறோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு விடை வரும்: "அது 'இந்தியன் டைமிங்' ஐயா, நம் இனத்தின் பழக்கம்." இதைக் கேட்கும்போதெல்லாம் என் உடல் பதறுகிறது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் தலைமுறை தலைமுறையாக நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நேரம் தவறாமை நம் பாட்டனுக்குச் சோறு. தாமதத்தை நம் இனத்தின் மேல் ஏற்றிச் சிரிப்பவன், அந்தப் பாட்டனைப் பழிக்கிறான். மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவர் அழிவுக்கு உரியவர் விரும்பி ஏறும் கலமாக நான்கைச் சொல்கிறார். சோம்பல், மறதி, உறக்கம் ஆகியவற்றோடு காலம் நீட்டித்தலும் அவற்றுள் ஒன்று. தாமதம் தமிழன் பண்பு என்று எந்த நூல் சொல்கிறது?

அப்படியானால் இந்தத் தாமதம் எங்கிருந்து வந்தது? பெரட்டுக்களத்திலிருந்தேதான் வந்தது! அங்கே காத்திருந்தவர்கள் தொழிலாளர்கள்; அவர்களைக் காக்க வைக்கும் உரிமை துரைக்கு இருந்தது. கடிகாரம் அவருடையது, நேரமும் அவருடையது. துரை போய்விட்டார், துரைத்தனம் போகவில்லை. 'எனக்காகப் பிறர் காத்திருப்பார்கள்' என்பதையே இன்று நாம் தகுதியின் அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். நேரம் பார்க்கப் பயன்படாத விலையுயர்ந்த கடிகாரமும் ஒன்றரை மணி நேரத் தாமதமும் இருவேறு குற்றங்கள் அல்ல. இரண்டும் சொல்வது ஒன்றையே: 'நான் மணி பார்க்க வேண்டியவன் அல்லன். நீங்கள்தாம் பார்க்க வேண்டியவர்கள்.'

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முந்நூறு பேர் அமர்ந்திருக்கும் மண்டபத்தில் ஒன்றரை மணி நேரம் என்றால் 450 மணி நேரம். நம் நாட்டு வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு உச்ச வேலைநேரம் 2023 முதல் 45 மணி. ஆக, ஒரு தொழிலாளியின் பத்து வார உழைப்பு நேரத்தை ஒரே மாலையில் ஒருவர் விழுங்கிவிட்டார். அவர் கையிலிருந்த நாற்பதாயிரமோ, 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவரின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுச் சம்பளம்.

"நேரம் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றுதான் நல்ல கடிகாரம் வாங்கினேன்" என்பாரும் உளர். ஐயா, 1969ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் சேய்க்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே அந்த வாதம் தோற்றுவிட்டது. சான்றிதழ் பெற்ற சுவிஸ் இயந்திரக் கடிகாரம் ஒரு நாளைக்குச் சில நொடிகள் முந்தவோ பிந்தவோ செய்யும். ஐம்பது ரிங்கிட் குவார்ட்ஸ் கடிகாரம் ஒரு மாதம் முழுவதற்கும் பதினைந்து இருபது நொடிதான் தவறும்.

அதற்காக விலையுயர்ந்த கடிகாரங்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவற்றுள் புகழ்பெற்ற பல, உழைப்பவனின் கருவியாகவே பிறந்தவை. ரோலெக்ஸ் 1953இல் கொண்டுவந்த சப்மரைனர் நீரில் மூழ்குவோருக்காகச் செய்யப்பட்டது. 1969இல் நிலவில் நடந்த பஸ் ஆல்டிரின் ஒமேகா கடிகாரத்தை விண்ணுடைக்கு மேல் கட்டியிருந்தார். அவர்களுக்கு அது தோழன். கீறல் விழுந்தாலும் கூடவே வரும் தோழன். நேர்மையாக உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒருவர் அப்படி ஒன்றை வாங்கி, நாளும் அணிந்து, சில ஆண்டுக்கு ஒருமுறை பழுது பார்த்து, மகளுக்கோ மகனுக்கோ கொடுத்துச் சென்றால், அவரை நான் வணங்குவேன். என் தந்தையாரும் அதைத்தானே செய்தார்!

நான் எதிர்ப்பது மற்றதை. 2018இல் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்குடன் தொடர்புடைய இல்லங்களில் கைப்பற்றிய பொருள்களைக் காவல் துறை பட்டியலிட்டபோது, அவற்றில் கைக்கடிகாரங்கள் மட்டும் 423. மதிப்பு 78 மில்லியன் ரிங்கிட் என்றார்கள். நாளுக்கு ஒன்றாகக் கட்டினாலும் ஒரு சுற்று முடிய ஓராண்டும் இரண்டு மாதங்களும் ஆகும். தாயகத்துப் பக்கமும் இதே கதைதான். கர்நாடக முதல்வர் சித்தராமையா 2016இல் தம் ஹப்லோ கடிகாரத்தை அரசுடைமையாக ஒப்படைக்க நேர்ந்தது. தமிழ்நாட்டில் 2022இல் அண்ணாமலையின் ரஃபேல் கடிகாரத்துக்குப் பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார்கள். கட்சிகள் வேறு வேறு. ஊரார் கேட்ட கேள்வி ஒன்றே: 'இது எப்படி உங்கள் கைக்கு வந்தது?' மணி என்ன என்று எவரும் அவர்களிடம் கேட்கவில்லை!

பெரியவர்கள் செய்வதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். தீபாவளிக்குப் பெட்டாலிங் தெருவில் வாங்கிய போலிக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வருகிறான் ஒரு மாணவன். அதன் பெயரைச் சரியாகச் சொல்கிறான்; விலையைச் சொல்கிறான். 'காலமும் நேரமும்' பாடத்தில், பெரிய முள் எட்டில் நின்றால் எத்தனை நிமிடம் என்று கேட்டால் விழிக்கிறான். விலை தெரிந்து மணி தெரியாத பிள்ளையை வளர்த்தவர்கள் யார்? நாம்தாம்.

ஆகையால், என் வேண்டுகோள்கள் இவை:

1. தலைமையாசிரியர்களே, அழைப்பிதழில் அச்சிட்ட நேரத்தில் விழாவைத் தொடங்குங்கள். சிறப்பு வருகையாளர் வராவிட்டால், பள்ளியின் மூத்த துப்புரவுப் பணியாளர் குத்துவிளக்கை ஏற்றட்டும். அவர் தாமதமாக வந்ததே இல்லை.

2. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, பிந்தி வருபவருக்காக நிகழ்ச்சியை மீண்டும் தொடங்காதீர்கள். அவர் கைதட்டுவோர் வரிசையில் வந்து அமரட்டும். நன்கொடை நின்றுவிடும் என்று அஞ்சுகிறீர்கள். பிள்ளைகளின் நேரத்தை விற்றுப் பெறும் நன்கொடை நமக்கு எதற்கு?

3. பெற்றோர்களே, பிள்ளைக்கு முட்கள் உள்ள எளிய கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். அதைப் பார்த்துத் தானே எழவும் தானே கிளம்பவும் பழக்குங்கள். நீங்களும் பள்ளிக் கூட்டத்துக்குக் குறித்த நேரத்தில் வாருங்கள்.

4. விலையுயர்ந்த கடிகாரம் வைத்திருப்போரே, அதை நாளும் கட்டுங்கள். வேலைக்கும் கட்டுங்கள், சந்தைக்கும் கட்டுங்கள். கீறல் விழட்டும். காலையில் ஒருமுறை முட்களைச் சரிபாருங்கள். அது சொல்லும் சொல்லைக் கேட்டு நடங்கள்.

அப்பாவின் கடிகாரம் இப்போது என் கையில் இருக்கிறது. கண்ணாடி மங்கிவிட்டது, நாளுக்கு அரை நிமிடம் பிந்துகிறது. காலைச் செய்தியின்போது வானொலியைக் கேட்டு முள்ளைத் திருத்திக்கொண்டுதான் பள்ளிக்குப் புறப்படுகிறேன். அந்த மாணவனிடம் இதைக் கழற்றிக் காட்டி, அசைத்தால் உயிர் பெறும் கதையைச் சொன்னேன். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஓடுது ஐயா!" என்றான்.

எங்கள் பள்ளியின் அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகிக்கொண்டிருக்கிறது. மாலை மணி 5.00 என்று போட்டிருக்கிறோம். 5.00 மணிக்கு விளக்கு ஏற்றப்படும். வர விரும்புவோர் அதற்கு முன் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
சுவா தோட்டத்துப் பிள்ளை